தேசத்தந்தையின் மூச்சு

என் அண்ணா சில மாதங்கள் ஒரு நாட்டின் தந்தையாக இருந்தார். எங்களுடைய நாட்டுக்கு அல்ல. அந்த இடத்துக்கு இங்கே ஏற்கெனவே போட்டி அதிகம். நாங்கள் யாரும் போயிராத, எப்போதும் பனி பெய்துகொண்டிருக்கும் ஒரு தொலைதூர நாட்டுக்கு. அந்த நாட்டை உண்டாக்கிய தலைவரின் வாழ்க்கையை அவர்கள் நீண்ட தொலைக்காட்சி நாடகமாக எடுத்திருந்தார்கள். இங்கே ஒரு சானல் அதைத் தமிழில் போடுவதற்காக வாங்கியது. தலைவருக்குக் குரல் கொடுத்தவர் அண்ணா. அவருடைய வாயசைவுக்குப் பொருந்துகிற தமிழ் வசனம் எழுதியது நான்.

அந்த நாட்டு மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு மொழிபெயர்ப்புத் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு, படத்தில் அந்த மனிதர் வாயைத் திறக்கும்போது திறக்கிற சொல்லையும் மூடும்போது மூடுகிற சொல்லையும் தேட வேண்டும். அவர் திரும்பி நின்று முதுகைக் காட்டினால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். முதுகுக்கு எந்த வசனத்தையும் வைக்கலாம், வைக்காமலும் விடலாம்.

ஒலிப்பதிவுக் கூடம் கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே இருந்தது. கோயில் மணி அடித்தால் நிறுத்துவோம், தேவாலய மணி அடித்தால் நிறுத்துவோம், கீழே லொறியிலிருந்து கம்பி இறக்கினால் நிறுத்துவோம். ஒரு நாட்டுக்குச் சுதந்திரம் வாங்குவதைவிட அந்த மாடியில் ஒரு காட்சியை முடிப்பது கஷ்டம் என்று அண்ணா சொல்வார். நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளில் இருந்தோம். காலையில் காலி வீதி என்கிற பெரிய தெருவில் ஒன்றாக பஸ் ஏறுவோம். அண்ணா ஒரு காப்புறுதிக் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் வானொலி நாடகங்களில் நடித்தவர். முகத்தை வைத்து யாரும் அவரை ஞாபகம் வைத்ததில்லை. மெலிந்த, உயரம் குறைந்த, சட்டைப் பைக்குள் குடை வாங்கிய ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கிற ஒரு சாதாரண மனிதர். வாயைத் திறந்தால் மட்டும் ஆள் வளர்ந்துவிடுவார்.

வேலை தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. வெளிநாட்டுக் கம்பனி, வசனமில்லாத ஒலியைத் தனியாக அனுப்பவில்லை. அப்படியென்றால் அந்த நடிகர் விடுகிற பெருமூச்சு, இருமல், படியேறும்போது வாங்குகிற மூச்சு எல்லாவற்றையும் நாங்களே செய்து போட வேண்டும். ஒலிப்பதிவாளர் ஒரு சிங்களவர். தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். வசனம் விளங்காததால் அவருடைய காது முழுவதும் மூச்சில்தான் இருக்கும். "அய்யே, முதல்ல ஹுஸ்ம எல்லாம் எடுப்பம்" என்றார். அய்யே என்றால் அண்ணா, ஹுஸ்ம என்றால் மூச்சு. ஒரு நாள் முழுக்க அண்ணாவை ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தி மூச்சு மட்டும் பதிந்தார். கோபத்தில் விடுகிற மூச்சு, நித்திரையில் விடுகிற மூச்சு, நோவில் விடுகிற மூச்சு, சிறையிலிருந்து வெளியே வந்து வெயிலைப் பார்க்கிற மூச்சு. ஒவ்வொன்றும் முடிய "தவ எக்கக்" என்பார், இன்னும் ஒன்று. பிறகு அவற்றைக் கணினியில் பத்திரமாக வைத்துக்கொண்டார், தேவைப்படும் இடத்தில் எடுத்துப் போடலாம் என்று.

கதிரையில் உட்காருகிற மூச்சு கேட்டபோது அண்ணா நடிக்கவில்லை. வீட்டில் விடுவதையே விட்டார். அது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த மூச்சு. நீளமாகத் தொடங்கும், நடுவில் ஒரு சின்னத் தடக்கு, பிறகு மிச்சம் மெல்ல இறங்கும். அண்ணி அதை வைத்துத் தினமும் பகிடி பண்ணுவார். "கதிரைக்கு நோகுதோ இவருக்கு நோகுதோ எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை" என்பார். அண்ணி அண்ணாவின் நாடகம் ஒன்றையும் இருந்து பார்த்ததில்லை. "வீட்டில கேக்கிறது காணாதெண்டு டீவியிலயும் கேக்கோணுமோ?" என்று குசினிக்குள் போய்விடுவார்.

நாடகம் ஒளிபரப்பாகத் தொடங்கியதும் ஊர் கவனித்தது. ஒரு நாள் நாங்கள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் திரும்பியபோது, அதை ஓட்டிவந்த முஸ்லிம் ஒருவர், அண்ணா வழி சொன்ன குரலைக் கேட்டுவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "நீங்கதானே அந்த நாடகத்துல பேசுற பெரியவர்? எங்க வீட்டுல எல்லாரும் பாக்குறது" என்றார். காசு வாங்க மறுத்தார். மடியில் மீன் பை வைத்துக்கொண்டு அண்ணா இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். அந்தப் பனி நாட்டுப் பாராளுமன்றமே அவர் மடியில் இருப்பது போல.

அந்த நாடு பிறக்கிற நாளின் உரைக்கு நான் பட்ட பாடு தனிக் கதை. தலைவர் படிக்கட்டில் நின்று மக்களைப் பார்த்துப் பேசுகிறார். 'இந்த மண் நமது' என்று எழுதியிருந்தேன். வாயசைவுக்கு அச்சாகப் பொருந்தியது. சானலிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார். 'மண்' வேண்டாம் என்றார். 'தேசம்' என்று மாற்றினேன். அது அதைவிடக் கூடாது என்றார். யார் என்ன நினைப்பார்களோ, ஏன் வில்லங்கம் என்றார். கடைசியில் 'இவ்விடம் நமது' என்று வைத்தேன். ஒரு நாட்டை உண்டாக்கிய மனிதர், பஸ்ஸில் சீட் பிடித்தவர் மாதிரி 'இவ்விடம் நமது' என்றார். அண்ணா சிரிக்காமல் சொன்னார். சொன்ன விதத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதிவு முடிந்து வெளியே வந்தவர், "இப்பிடி ஒரு வசனத்தை இந்த ஊரில இருந்து சத்தமாச் சொல்ல எனக்கு இன்னொருத்தன்ர நாடு தேவைப்பட்டிருக்கு" என்றார்.

மழைக் காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டியது. கொத்தமல்லி அவித்துக் குடித்தார். உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். தலைவருக்கும் கதையில் வயதாகிக்கொண்டு வந்ததால் கரகரப்பு பொருந்துகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஒலிப்பதிவாளர்தான் ஒரு நாள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, மூச்சு சரியில்லை, டொக்டரிடம் காட்டுங்கள் என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார்.

களுபோவில ஆஸ்பத்திரியில் காட்டினோம். சதை எடுத்துச் சோதித்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். எடுத்தால் உயிர் தப்பும், தள்ளிப்போட்டால் உத்தரவாதம் இல்லை. எடுத்த பிறகு கதைக்க ஏலாது. கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகத்தான் போய்வரும். அண்ணி கேட்ட ஒரே கேள்வி எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"அப்ப வாயால, மூக்கால மூச்சு விடவே மாட்டாரோ டொக்டர்?"

"இல்லை அம்மா. அந்த வழி இனி இல்லை."

அண்ணா கேட்டது வேறு. நாடகம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாமா என்றார். டொக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பொறுக்காமல் இருப்பதுதான் நல்லது என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணா ஜன்னல் பக்கம் பார்த்தபடி என்னிடம் சொன்னார். "நாடகத்தில அந்த மனிசனைச் சாகக் குடுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போறன். நான் ஒரு நாடகத்தையும் பாதியில விட்டதில்லை. என்ர குரலில கலியாணம் கட்டி, மறியலுக்குப் போய், நாடு எடுத்தவர். சாகிறதும் என்ர குரலில சாகட்டும்."

"அந்தாள் எப்பவோ செத்திட்டார் அண்ணா. நீங்கள் இருக்கோணும்."

"நாலஞ்சு கிழமைதானே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரோ ஒரு நாட்டின் யாரோ ஒருவர், அவருடைய சாவுக்காக என் அண்ணா தன் சாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துகிறார். பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அவரோடு வாதாடி நான் வென்றதில்லை. ஆனால் பேனா என் கையில் இருந்தது.

அன்றிலிருந்து தேசத்தந்தையின் வாயை நான் அடைக்கத் தொடங்கினேன். அவர் முதுகைக் காட்டிய இடங்களிலெல்லாம் வசனத்தை எடுத்தேன். தூரத்தில் நின்ற இடங்களில் எடுத்தேன். நீண்ட விளக்கங்களை அமைச்சரின் வாயில் போட்டேன், மனைவியின் வாயில் போட்டேன், ஒரு இடத்தில் வண்டிக்காரனின் வாயிலும் போட்டேன். தலைவருக்கு 'சரி', 'பார்ப்போம்', 'அப்படியா' என்று விட்டுவைத்தேன். வசனம் குறைந்தால் பதிவு சீக்கிரம் முடியும், முடிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவார், இதுதான் என் கணக்கு. இரண்டு அமர்வுகள் அப்படியே ஓடின. மூன்றாவதில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த அண்ணா நிமிர்ந்தார்.

"இதென்ன, இந்தாளின்ர நாக்குக்கும் வரி போட்டிட்டாங்களோ?"

நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

"நாட்டைக் கட்டினவர் 'பார்ப்போம்' எண்டுறார். வண்டிக்காரன் அரசியலமைப்பு விளங்கப்படுத்துறான். உன்ர வேலைதானே?"

"ஓம். என்ர வேலைதான். என்ன செய்யப் போறியள்?"

அவர் என் மேசைக்கு வந்து ஆங்கிலத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். படத்தை ஓட்டச் சொன்னார். நான் வெட்டிய முழு உரையையும் தானே அந்தந்த இடத்தில் தமிழாக்கிப் பேசினார். வாயசைவு ஒரு இடத்திலும் பொருந்தவில்லை. குரல் நடுவில் பிளந்தது, பிறகு காற்றாகப் போனது. உதடு மட்டும் அசைந்தது. படத்தில் தலைவர் இன்னும் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவாளர் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தார். அண்ணா வெளியே வரவில்லை. அங்கேயே கதிரையில் இருந்து அந்த மூச்சை விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

அடுத்த நாள் அண்ணி எங்களோடு பஸ் ஏறினார். கொட்டாஞ்சேனை மாடிக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தார். ஒலிப்பதிவாளருக்கு இரண்டாம் தரமும் போட்டார். அண்ணா சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்ததும், சுற்றியிருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் அண்ணி சொன்னார்.

"இஞ்சருங்கோ. உங்கட குரலை நான் ஒரு நாளும் கேட்டுக்கொண்டு இருக்கேல்லை எண்டு உங்களுக்கு மனவருத்தம் இருக்கும். எனக்குக் குரல் வேண்டாம். ஆள் வேணும். பேசாமல் வந்து வீட்டில இருங்கோ, காணும்."

அன்றைய காட்சியை மட்டும் முடித்துத் தருகிறேன் என்றார் அண்ணா. சின்னக் காட்சி. செயலாளர் தேநீர் கொண்டு வருகிறார், தலைவர் எழுதிக்கொண்டிருக்கிறார். 'ஆறிவிட்டதா? பரவாயில்லை, அங்கேயே வை.' அதுதான் வசனம். அண்ணா ஒரே தடவையில் சொன்னார். ஒலிப்பதிவாளர் 'தவ எக்கக்' கேட்கவில்லை. மேடையில் நின்று எவ்வளவோ உரை நிகழ்த்திய குரல், கடைசியாகச் சொன்னது ஆறிய தேநீரைப் பற்றி. அதற்குப் பிறகு அவர் வீட்டில் கதைத்ததெல்லாம் கரகரத்த முணுமுணுப்பு. அதையும் நாங்கள் சேர்த்து வைக்கவில்லை. சத்திர சிகிச்சைக்குப் போகிற காலையில் "கதவைப் பூட்டினீரோ?" என்று அண்ணியைக் கேட்டார். அவ்வளவுதான் நான் கேட்டது.

உயிர் தப்பினார். டொக்டர் சொன்னது அப்படியே நடந்தது. கழுத்துத் துளைக்கு மேல் ஒரு சின்ன வெள்ளைத் துணி கட்டியிருப்பார். இருமினால் சத்தம் கழுத்திலிருந்து காற்றாக வரும். எதையாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு சின்னப் பலகையில் எழுதுவார். அண்ணியைக் கூப்பிடக் கை தட்டுவார். பூ வாசம், குழம்பு வாசம் ஒன்றும் தெரியாது, மூக்கு வழியாகக் காற்றே போவதில்லையே. குறட்டையும் போய்விட்டது. அண்ணி ஒரு நாள் என்னிடம், "இவர் குறட்டை விடுறார் எண்டு எவ்வளவு பேசியிருப்பன். இப்ப நித்திரை வருகுதில்லை பிள்ளை. எழும்பி எழும்பி நெஞ்சில கை வச்சுப் பாக்கிறன்" என்றார்.

கதிரையில் உட்காரும்போது அண்ணா இப்போதும் தோளை உயர்த்தி இறக்குவார். சத்தம் வராது.

மிச்சப் பகுதிகளுக்கு வேறு ஒருவர் குரல் கொடுத்தார். நல்ல கலைஞர், நாற்பது வயது இருக்கும். அவருக்குக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் 'தோழர்களே' என்று முதல் தடவை சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டேன். வெட்டியதையெல்லாம் திருப்பிச் சேர்த்து எழுதினேன். அண்ணாவின் வாயிலிருந்து எடுத்ததை இன்னொருவர் வாயில் வைத்தேன். கடைசிப் பகுதிக்கு நான் கொட்டாஞ்சேனைக்குப் போகத் தேவையிருக்கவில்லை. தலைவர் பாரிசவாதம் வந்து பேச்சிழந்து கட்டிலில் கிடக்கிறார். அவருக்கு வசனமே கிடையாது. மனைவிக்கும் மகனுக்கும் எழுதியதை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தேன்.

அது ஒளிபரப்பான மாலை அண்ணா வீட்டுக்குப் போனேன். போடவா வேண்டாமா என்று கேட்டேன். போடச் சொல்லிக் கையைக் காட்டினார். அண்ணி வழமைபோலக் குசினியில் இருந்தார், கத்தரிக்காய் வதக்கிக்கொண்டு. கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போய் முடிந்தது. திரையில் பெரிய அறை, ஜன்னலுக்கு வெளியே பனி. மனைவி பக்கத்தில் இருந்து பழைய கதை ஏதோ சொல்கிறாள். தலைவர் கண் திறந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளுடைய பேச்சு முடிந்தது. அறை அமைதியானது. பிறகு அவர் மூச்சு விட்டார்.

நீளமாகத் தொடங்கியது. நடுவில் ஒரு சின்னத் தடக்கு. பிறகு மிச்சம் மெல்ல இறங்கியது.

எனக்கு விளங்குவதற்கு முன்பே குசினியில் ஏதோ விழுந்தது. அண்ணி ஓடிவந்தார். கையில் எண்ணெய் வடிகிற அகப்பை. "என்னப்பா? என்ன செய்யுது? இருக்க ஏலாமக் கிடக்கோ?" என்று நேரே அண்ணாவிடம் போய் அவருடைய தோளைப் பிடித்தார். அண்ணா அசையாமல் அவரைப் பார்த்தார். அண்ணியின் கண் அவருடைய முகத்திலிருந்து கழுத்துத் துணிக்கு வந்தது. அந்த வாயால் அந்தச் சத்தம் வர வழியில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மெதுவாகத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார். திரையில் அந்த வெள்ளைக்காரக் கிழவர் இன்னொரு தரம் மூச்சு விட்டார்.

"இவர்" என்றார் அண்ணி.

புதியவரின் வயதுக்குச் சாகிற கிழவரின் மூச்சு வந்திருக்காது. ஒலிப்பதிவாளர் வேலை தொடங்கியபோது பதிந்து வைத்திருந்த அண்ணாவின் மூச்சுகளிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். அண்ணா கேட்டது நடந்திருந்தது. அந்த மனிதர் அண்ணாவின் மூச்சில்தான் செத்தார்.

அண்ணி அகப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். தொலைக்காட்சிக்கு மிகக் கிட்ட. அடுத்த மூச்சு வந்தபோது அவருடைய தோளும் கூடவே உயர்ந்து இறங்கியது. அண்ணா கை தட்டிக் கூப்பிட்டார். அண்ணி திரும்பவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் திரையைப் பார்த்தபடியே. "நீங்கள் மூச்சு விடுறது கேக்குது."